புது டேங்க் மூடி

மூடி "டக்" என்றது. சரியாக உட்கார்ந்துவிட்டது.

தனுஷிகா அதைத் திரும்பவும் கழற்றினாள்.

"நல்லாத்தானே நின்னுச்சு, எதுக்குக் கழட்டுற?" லயத்து வீட்டு வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற அவளுடைய அப்பா சின்னராசா கேட்டார். "ஒரு மூடி போடவே இவ்ளோ நேரம். நீ எஞ்சின எறக்குனா தீவாளி வந்துரும் புள்ள."

அவள் மூடியின் ரப்பர் வளையம் எங்கேயாவது மடிந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள். மடியவில்லை. தெரிந்த பிறகும் இன்னொரு சுற்றுத் தடவினாள்.

பழைய மூடி போன மழைக்காலத்திலேயே வெடித்துவிட்டது. அன்றிலிருந்து அப்பா அதன்மேல் ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பையைச் சுற்றித் திருகித்தான் காரில் ஆள் ஏற்றி ஹயர் ஓடினார். அப்படியும் டேங்க்கில் தண்ணீர் இறங்கி, பூண்டுலோயா ஏற்றத்தில் கார் இருமும். வளைவில் திரும்பினால் பெற்றோல் வாடை உள்ளே வரும். பின்சீட்டுப் பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

"காருக்கு முக்காடு போட்டிருக்கீங்களாண்ணே?" என்று ஸ்டாண்டில் மற்ற டிரைவர்மார் கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவைத் தவிர.

புது மூடி, சாவி போட்டுப் பூட்டுகிற மூடி. பழையதைக் கையோடு கொண்டுபோய், மரை ஒத்துவருகிறதா, காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்துத் தலவாக்கலையில் வாங்கியவள் அவள்தான். காற்றுப் போக வழியில்லாத மூடியைப் போட்டால் ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிடும் என்று மாலை வகுப்பில் சேர் சொல்லியிருந்தார்.

அது மோட்டார் வேலை படிக்கிற வகுப்பு. சேர்ந்த பிறகு வீட்டுக் காரில் அவள் கை வைப்பது இதுதான் முதல் தடவை. அதற்கே பல நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. இந்த மூடி ஒழுங்காக நிற்காவிட்டால் இனிக் காரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா சம்மதித்தார்.

டேங்க்கின் வாயில் ஒட்டியிருந்த பைத் துணுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தாள். விளிம்பைத் துணியால் துடைத்தாள். மூடியை வைத்துத் திருகிப் பூட்டினாள்.

அப்பா சாவியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாலையில், வகுப்பில் பக்கத்து வாங்கில் வந்து உட்கார்ந்தான் நிரோஷன். பகலில் தலவாக்கலை பெற்றோல் செட்டில் வேலை பார்ப்பவன்.

"ஒங்கப்பா இன்னிக்கி எங்க செட்டுக்கு மூணு வாட்டி வந்துட்டாரு தனு. என்ன, வேலைக்கிச் சேரப் போறாரா?"

அவன் சிரித்தான். ஏன் என்று கேட்பதற்குள் சேர் வந்துவிட்டார்.

அப்பா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பெற்றோல் அடிப்பார். காலையில், அன்றைய ஓட்டத்துக்கு மட்டும். மூன்று தடவை போனார் என்றால் அடித்தது நிற்கவில்லை. ஒழுகியிருக்கிறது.

சேர் பிரேக்கைப் பற்றி என்னென்னவோ சொன்னார். அவளோ வளைவுக்கு வளைவு ரோட்டில் பெற்றோல் சிந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரை ஒத்துவந்ததா, ஒத்துவந்த மாதிரி இருந்ததா? வளையம் மடிந்த இடத்தை விரல் தவறவிட்டுவிட்டதா? இதற்கு முக்காடே மேல் என்று இந்நேரம் ஸ்டாண்டில் பேசியிருப்பார்கள். இனி அப்பா சாவியைத் தரமாட்டார். அது கிடக்கட்டும், பின்சீட்டில் எவனாவது சிகரெட் பற்றவைத்திருந்தால்?

வகுப்பு விட்டதும் ஓடினாள்.

அவளைக் கூட்டிப்போக வந்திருந்த அப்பா ரோட்டோரத்தில் காருக்குள் இருந்தார். அவள் கதவைத் திறக்காமல் பின்பக்கம் போய்க் குந்தினாள். வாடை இல்லை. மூடியைச் சுற்றி விரலை ஓட்டினாள். காய்ந்திருந்தது. கீழே தரையிலும் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"அங்க என்னத்தத் தேடுற? ஏறு புள்ள."

ஏறினாள். பெற்றோல் மீட்டரைப் பார்த்தாள். அந்த முள் இத்தனை வருடத்தில் ஒருநாளும் ஏறியிராத உயரத்தில், உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் அப்பா திரும்பவில்லை. நேரே போய்க் காரைப் பெற்றோல் செட்டுக்குள் விட்டார்.

"கொஞ்சம் அடிச்சிட்டுப் போவோம்" என்றார்.

இனி எங்கே ஊற்றுவது என்று அவளுக்கு விளங்கவில்லை. அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் மூடிச் சாவியை நீட்டினார்.

"நீயே எறங்கித் தொற."

அவள் இறங்குவதற்குள், பம்ப்படியில் நின்ற வயதான சிங்கள அய்யா குழாயை எடுக்காமல் வெறுங்கையோடு வந்தார். அவருக்குப் பின்னால், டயருக்குக் காற்றடிக்கிறவரும் வந்தார். இருவரும் மூடியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்கள்.

"மேத ஒயா கியபு துவ?" நீங்கள் சொன்ன மகள் இவள்தானா என்று அய்யா கார் ஜன்னலில் குனிந்து கேட்டார்.

அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு காரை விட்டு இறங்கினார்.