ஏழாம் நம்பர் பேட்ஜ்

"கெழவன் நல்லா ஏமாத்திருக்கான்டி! பொட்டப்புள்ள முதுகுல பெட்டிய ஏத்திட்டு இவன் கைய வீசிக்கிட்டுல்ல நடந்திருக்கான்."

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் நின்ற மீனம்மா சொன்னது, அலுவலக ஜன்னலுக்கு உள்ளே கணக்கெழுதிக்கொண்டிருந்த லோஜினியின் காதில் விழுந்தது.

"போர்டுல போட்டிருக்காங்களே. அவனுக்கு சைபராம். பூரணிக்கு எல்லையத் தாண்டிருச்சாம்" என்றாள் ராசம்மா.

அந்தப் பட்டியலை ஒட்டியதே லோஜினிதான்.

தேயிலை ஆராய்ச்சிப் பண்ணையில் மண்ணின் ஈரம் பார்க்க ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்து நியூத்திரன் கதிர் வரும். இத்தனை வருஷமாக அதை யாரும் முறையாக அளந்ததில்லை. இந்த வருஷம்தான், எல்லா இடத்துக்கும் ஒரே அளவுமுறை என்று சுற்றறிக்கை வந்தது. பெட்டியோடு போகும் இருவருக்கும், உடம்பில் ஏறும் கதிரை அளக்கும் பேட்ஜ் வந்தது. ஏழு பூரணிக்கு, எட்டு கிழவர் செல்லசாமிக்கு. அளவு மீறினால் அந்த ஆளை நாற்றுமேடை வேலைக்கு மாற்றியே ஆகவேண்டும்.

"பூரணிக்கு மாற்றல் கடிதம், செல்லசாமிக்கு எச்சரிக்கைக் கடிதம். நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்றார் அதிகாரி மேர்வின். "இனிமே அந்தாளே தனியாத் தூக்கட்டும்."

லோஜினி முதல் தடவையாக அந்த மலையில் ஏறினாள். விடாத தூறல். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை இப்படியா வதைப்பது என்று வழியெல்லாம் அவளுக்கு எரிச்சல்.

மேலே, பூரணி தூரத்துப் பாறையில் ஈர அளவு எழுதும் கொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டி செல்லசாமியின் முதுகில் இருந்தது. கூனிக்கொண்டு வந்தார்.

மார்பில் ஏழாம் நம்பர்.

"அண்ணே, இது பூரணியோட பேட்ஜ்!"

"சத்தம் போடாதீங்க மிஸ். எது யாரு நம்பருன்னு அவளுக்குத் தெரியாது. காலையில எடுத்துக் குடுக்கிறது நாந்தான். என்னோடத அவளுக்கு மாட்டிவிட்டுருவேன்."

"ஏண்ணே?"

"அவளுக்கு நாலு மாசம். பேர் பதியாத ஆளு வேற. புள்ளத்தாச்சின்னு தெரிஞ்சா நாளைக்கே நிப்பாட்டிருவாங்க. அளவு கூடுனா வேற வேலை குடுத்தே ஆகணும்னு நீங்கதான மொத நாள் வாசிச்சீங்க?"

"ஆனா அது முழுக்க உங்க உடம்புல ஏறினது."

"இருபத்தோரு வருசம் அளக்காமத்தான் தூக்கினேன். இப்ப மூணு மாசத்த மட்டும் அளந்து என்ன எழுதப்போறீங்க?" கையை நீட்டினார். "திட்டுக் கடுதாசியா? குடுங்க."

லோஜினி கொடுக்கவில்லை.

பாறையடிக்குப் போனாள். மாற்றல் கடிதத்தைப் பூரணியிடம் கொடுத்து, அவள் மார்பில் இருந்த எட்டாம் நம்பரைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கீழே போகச் சொன்னாள்.

அந்தப் பெண் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, "உங்க நம்பர்லயும் அளவு ஏறட்டும்ணே" என்று செல்லசாமியின் எட்டாம் நம்பரைத் தன் மார்பில் குத்திக்கொண்டு, பெட்டியை அவர் முதுகிலிருந்து இறக்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள்.