நாலு பாட்டில் தண்ணீர்

பழைய பேட்டரி தொழிற்சாலை இருந்த இடத்தில் நிலத்தடி நீர் சுத்தம் என்று சான்று கொடுத்தவர் நீர் ஆய்வாளரான அவர்தான். அதற்காகவே காத்திருந்த புதுக் குடியிருப்பில் போன மாதம் இருநூறு குடும்பங்கள் குடியேறின. வேலையை விரைவாக முடித்ததற்கு இன்று அலுவலகத்தில் கேடயம் கொடுத்தார்கள். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார்.

“ஊர் தண்ணிக்கெல்லாம் சர்டிபிகேட் கொடுக்கறீங்க. நம்ம வீட்டுத் தண்ணி எப்படின்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?” என்றாள் மனைவி.

“நம்ம தண்ணியை யாரு சோதிச்சா?”

“நல்லா இருக்கே! நீங்க காய்ச்சல்ல படுத்திருந்த அன்னிக்கு உங்க உதவியாளர் வந்து, ‘சோதனைக்குத்தான் அக்கா’ன்னு நம்ம குழாயில நாலு பாட்டில் பிடிச்சுக்கிட்டுப் போனாரே!”

தொழிற்சாலை இடத்துத் தண்ணீர் என்று அன்று ஆய்வகத்துக்குப் போனதே நாலு பாட்டில்தான்.

உடனே உதவியாளரைப் போனில் பிடித்தார்.

“அங்க பிடிச்ச பாட்டிலெல்லாம் வழியில உடைஞ்சு போச்சு சார். மறுபடியும் அவ்வளவு தூரம் போகணுமேன்னு...” என்று அவன் மென்று விழுங்கினான்.

“அங்க தண்ணி எப்படிடா இருந்துச்சு?”

“மஞ்சளா இருந்துச்சு சார்.”

செருப்பைக்கூட மாட்டாமல் காருக்கு ஓடினார். இருநூறு வீட்டிலும் அது சமையல் நேரம்.