பாதி அளவு

திரையில் ஒரு வளைகோடு. அதற்கு வெகு கீழே ஒரு சிவப்புப் புள்ளி.

அந்தப் புள்ளி அவள்.

"இந்தக் கோட்டு மேல இருக்கணும்மா. ரத்தத்துல மருந்து பாதிதான் இருக்கு," என்றார் டாக்டர். "ராத்திரி ரெண்டு மாத்திரையும் ஒழுங்கா உள்ள போகுதா?"

கேட்டது அவளை. பதில் சொன்னது கணவன்.

"நானே கையில குடுத்து, முழுங்குறதப் பாத்துட்டுதான் டாக்டர் லைட்ட அணைப்பேன்."

"அப்ப இவங்க கல்லீரலுக்குத்தான் அகோரப் பசி. வந்ததையெல்லாம் தின்னுடுது."

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு டாக்டர் அவள் எடை, வயது, ரத்த அளவு எல்லாவற்றையும் தட்டினார். இவள் உடம்புக்கு எத்தனை மாத்திரை வேண்டும் என்று கணினி கணக்குப் போட்டது.

நான்கு.

அவள் இன்னும் 'ரெண்டு' என்ற சொல்லிலேயே நின்றிருந்தாள்.

அவள் உள்ளங்கையில் தினமும் விழுவது ஒன்று. ஆறு மாதமாக ஒன்றுதான். மருந்துச் சீட்டை அவள் படித்ததில்லை. கொடுத்ததை விழுங்கினாள். மாத்திரை அட்டைகள் மட்டும் மாதக் கடைசியில் சரியாகத் தீர்ந்தன.

பக்கத்தில் அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். உள்ளே வந்ததிலிருந்து மூன்றாவது முறை.

இந்த மாத்திரை வாயை உலர்த்தும். அவளுக்குத் தெரியும்.

பையனைப் புதைத்துவிட்டு வந்தது இரண்டு பேரும். மனநல டாக்டரிடம் கூட்டி வரப்பட்டது அவள் மட்டும். யாராவது ஒருவர் வேலைக்குப் போக வேண்டுமே. அவன் ஒரு ஷிஃப்டைக்கூடத் தவறவிடவில்லை. கல்லு மாதிரி மனுஷன் என்றார்கள் சொந்தக்காரர்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கோபம் வர வேண்டிய இடம்.

வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். அழுகையும் வரவில்லை.

"நாலுக்கு ஏத்துறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ ரத்தம் பாத்துடலாம்," என்றார் டாக்டர்.

நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தாள்.

"கைய நீட்டுங்கக்கா."

அவள் நீட்டவில்லை.

கணவனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றினாள். முழங்கைக்கு மேல் வரை நிதானமாக மடித்துவிட்டாள்.

"மொதல்ல இவருக்கு எடுங்க."

டாக்டர் திரையிலிருந்து திரும்பினார்.

அவன் யாரையும் பார்க்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

நர்ஸ் சொல்வதற்கு முன்பே விரல்களை இறுக்கி மடக்கினான்.