மூலையில் ஒரு பெயர்

செய்தி சேனலின் எடிட்டிங் அறையில், ஆளில்லாத பழைய பாலம் ஒன்று திரும்பத் திரும்ப இடிந்து விழுகிறது. திரையின் வெளிச்சம் எடிட்டரின் கண்ணாடியில் நடுங்குகிறது. படமெடுத்தவன் டயர் கடை வைத்திருக்கும் அவருடைய மச்சினன். போனும் கையுமாகத் திரிகிறான் என்று அவர் வாய் ஓயாமல் கேலி செய்தவன். நேற்றே அவன் யூடியூப் பக்கத்தில் பத்து லட்சம் பேர் பார்த்தாகிவிட்டது. "என் தம்பி பேரு டிவியில வருமாங்க?" என்று மனைவி காலையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் அவருடைய பெயர் ஒருநாளும் வந்ததில்லை, அவள் கேட்டதுமில்லை. 'நன்றி' என்று தட்டி, மச்சினன் பெயரை எறும்பளவு எழுத்தில் மூலையில் ஒட்டுகிறார். பின்னால் நிற்கும் செய்தி ஆசிரியர் குனிகிறார். "கண்ணுக்கே தெரியலையே, பெருசாக்குங்க." பெரிதாக்குகிறார். எழுத்து சேனலின் லோகோவில் போய் முட்டுகிறது. "நம்ம லோகோவை நகத்திடுங்க," என்கிறார் ஆசிரியர். "ஜனம் அவர் பேரைப் பாத்துதான் நம்ம சேனல்ல நிக்கும்."