கடலை அளந்த கைகள்

ஆழம் பார்க்க இறங்கிய கயிற்றைக் கடல் இறுகப் பிடித்துக்கொண்டது. "நான் என்ன ஜாக்கெட் துணியா, ஆளாளுக்கு அளக்க? இனி உன்னை விடவே மாட்டேன், போ!"

"கோபப்படாதேக்கா," என்றது கயிறு. "மேலே போனதும் படகோட்டி இரண்டு கையையும் அகல விரித்துத்தான் என்னை அளப்பார். அந்த நீளத்துக்கு ஆங்கிலத்தில் ஃபேதம் என்று பெயர். ஆதியில் அந்தச் சொல்லுக்கு, அணைக்க விரித்த கைகள் என்றுதான் அர்த்தமாம்."

"அணைப்பதற்குக் கணக்கு எதற்கு?"

"நீ எத்தனை அணைப்பு ஆழம் என்று தெரிய வேண்டாமா?"

"இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?" என்று அதட்டிவிட்டுக் கடல் பிடியைத் தளர்த்தியது.

கயிறு பாதி தூரம்தான் ஏறியிருக்கும். கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏய், நீ அடியைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை. மறுபடி இறங்கு. ஒழுங்காக அளக்கச் சொல்!"