பதினேழு தலையாட்டல்

வாரத்துக்கு ஒன்று போடவேண்டிய மூட்டுவலி மாத்திரையைத் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, கோமளவல்லியின் அப்பா தீவிர சிகிச்சையில் கிடந்தார். கிளினிக் மேலாளர் அவளிடம், அப்பா மாத்திரை வாங்கிய அன்றைய வீடியோ பதிவைக் காட்டினார். அதில், சுவர்த்திரையில் ஒரு கணினி டாக்டர் உருவம் விளக்கிக்கொண்டிருக்க, எதிரே அப்பா கைகட்டி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"பதினேழு தடவை தலையாட்டியிருக்காரும்மா. புரிஞ்சுதுன்னு தலையாட்டினாத்தான் மாத்திரைப் பெட்டியே திறக்கும். இதுல எங்க தப்பு எதுவும் இல்ல."

"எத்தனை நாளைக்கு ஒண்ணுன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டீங்களா?"

"அப்படிக் கேக்குறதுக்கு இப்ப ஆள் வைக்கிறதில்லம்மா."

கோமளவல்லி மேசையில் ஓங்கி அடித்தாள்.

"டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணு வணக்கம் சொன்னாலே எந்திரிச்சு நின்னு பதில் வணக்கம் சொல்ற மனுசன்யா அவரு! டாக்டர் மூஞ்சியைப் பாத்து புரியலைன்னு சொல்லுவாரா?"