மதுரை வழியாக

“சான்றிதழ் எங்கே?” என்று மறுபடியும் கேட்டது கார்த்தியின் லேப்டாப்.

ஒரு புரோகிராமிலிருந்து தகவலை எடுத்து இன்னொன்றில் கொண்டுபோய்ச் சேர்க்கிற டூல் அது. ஆபீசில் என்றால் குர்கான் சர்வர் வழியாக, பூட்டுப் போட்டு அனுப்பும். இன்று ஞாயிற்றுக்கிழமை, ஜனக்புரி வீட்டில் சோதனை. அனுப்புவதும் வாங்குவதும் இதே லேப்டாப்தான். அப்படியும் சான்றிதழ் காட்டி, என்க்ரிப்ஷன் என்கிற அந்தப் பூட்டைப் போடாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன் என்றது.

“கூறுகெட்டதே, ஒரே வீட்டுக்குள்ள எதுக்குப் பூட்டு?” என்று திட்டினான்.

சொல்கிறவன் யார் பாருங்கள்.

பொங்கலுக்கு வந்த நண்பர்கள் முன்னால், கனிமொழி வைத்த சாம்பாருக்கு ஆபீஸ் கேன்டீனே தேவலை என்று சொல்லிவிட்டான். வாய்க்கொழுப்புதான். அன்றோடு புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றது.

அடுப்படியில் உப்பு தீர்ந்தால் கனிமொழி மதுரைக்குப் போன் போடுவாள். அங்கிருந்து அவன் அக்கா லதா, கூடத்தில் இருக்கிற தம்பிக்குப் போன் போடுவாள். உப்பு வந்துவிடும்.

மன்னிப்பையும் அவன் அந்த வழியாகத்தான் அனுப்பினான், பல தடவை. பதிலுக்கு வந்தது, அவள் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்ட செய்தி. நாளைக்கு ரயில்.

வீட்டிலேயே வேலை செய்கிற பிளக் கூடத்தில் இருக்கிற ஒன்றுதான். நேற்றிலிருந்து லேப்டாப் அதை விடவில்லை. நேற்று ராத்திரியே சார்ஜ் தீர்ந்த கனிமொழியின் செல் பக்கத்தில் கிடந்தது. பிளக்கைக் கேட்க அவள் மதுரைக்குப் போன் போட வேண்டும். போன் போடச் சார்ஜ் வேண்டும்.

கார்த்தி குர்கான் முகவரியை அழித்து, சொந்த மெஷினின் முகவரியைப் போட்டான். என்க்ரிப்ஷன் வேண்டாம் என்று மாற்றினான்.

மளமளவென்று ஓடியது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினான். பயமாகத்தான் இருந்தது.

“கனி, தப்பு என் மேலதான். போகாத.”

கரண்டிச் சத்தம் நின்றது. அவள் வந்து பக்கத்தில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“இதச் சொல்ல இத்தன நாளா உங்களுக்கு?”

அவன் வாயைத் திறப்பதற்குள் அவனுடைய செல் அடித்தது. அக்கா. ஸ்பீக்கரில் போட்டான்.

“தம்பி, இப்பத்தேன் கனிகிட்ட பேசிட்டு வச்சேன். நீ கால்ல விழுந்தாலும் போயே தீருவேங்குறாடா.”

“அச்சா,” என்றான் கார்த்தி. அவனுக்குத் தமிழ் வரவில்லை, இந்திதான் வந்தது.

கனிமொழி நேற்று ராத்திரியிலிருந்து அணைந்துகிடந்த தன் செல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு அவன் காதருகே குனிந்து, உப்பு தீர்ந்துவிட்டது என்றாள்.